ஆடி வரட்டும், அப்புறம் மாற்றலாம்: ஸ்டுடியோ கணினிக்கு எந்த இயங்குதளம்?

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஸ்டுடியோ வைத்திருக்கும் தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது: "அண்ணா, என்னிடம் இருப்பது ஆறாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், விண்டோஸ் 10. கல்யாண ஆல்பம்தான் முக்கிய வேலை. ஃபோட்டோஷாப்பும் லைட்ரூமும் சந்தா கட்டித்தான் ஓட்டுகிறேன். விண்டோஸ் 10-க்கு இனி அப்டேட் கிடையாது என்கிறார்கள். லினக்ஸுக்குப் போய்விடட்டுமா, விண்டோஸ் 11 போடட்டுமா, மேக் வாங்கட்டுமா? எது தொல்லை தராமல் நிலையாக ஓடும்?"

தம்பி, கடைசி வாக்கியத்தில் இருந்து ஆரம்பிக்கிறேன். 'நிலையாக' என்று நீங்கள் சொல்வது அடிக்கடி ஹேங் ஆகாமல் ஓடுவதை. அது முக்கால்வாசி நேரம் இயங்குதளத்தின் கையில் இல்லை. பல வருடமாகக் கடலூரிலும் பாண்டிச்சேரியிலும் ஸ்டுடியோ கணினிகளைப் பார்த்துவருகிறேன். நீலத் திரை வந்து நின்ற சிஸ்டங்களில் நிறையவற்றை நான் சரிசெய்தது பள்ளிக்கூடத்து அழிப்பானை வைத்து. ரேமைக் கழற்றி, அதன் அடியில் இருக்கும் தங்க நிறப் பட்டைகளை அழிப்பானால் மெதுவாகத் தேய்த்தால் கறுப்பாக ஒரு அழுக்கு வரும். தேவனாம்பட்டினம் பக்கத்துக் கடைகளில் இன்னும் சீக்கிரம் படியும், அவ்வளவு உப்புக் காற்று. துடைத்துவிட்டு மறுபடி பொருத்தினால் அதே விண்டோஸ் ஒழுங்காக ஓடும். ஆகவே எதை மாற்றுவதற்கும் முன்னால் ரேமைத் துடையுங்கள், ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் நிரலை ஒரு இரவு முழுக்க ஓட விடுங்கள், யூபிஎஸ் பேட்டரி எத்தனை வருடப் பழசு என்று பாருங்கள். கரண்ட் போய்ப் போய் வரும் இடத்தில் செத்த பேட்டரியோடு எந்த இயங்குதளமும் நிலையாக இருக்காது.

இதெல்லாம் சரியாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டு மேலே பேசுவோம்.

டெபியன் என்றொரு லினக்ஸ் இருக்கிறது. அதன் ஒரு பதிப்பை 'ஸ்டேபிள்' என்று அறிவித்துவிட்டால், அதிலுள்ள நிரல்களின் பதிப்பு எண் அதற்கப்புறம் ஏறக்குறைய மாறாது. பாதுகாப்புத் திருத்தங்களும் பிழைத் திருத்தங்களும் மட்டும் வரும். சுமார் இரண்டு வருடம் கழித்து அடுத்தது வரும்: 12-ஆம் பதிப்பு 2023 ஜூனில், 13-ஆம் பதிப்பு 2025 ஆகஸ்டில். ஸ்டுடியோக்காரருக்கு வேண்டிய நிலைத்தன்மை இந்த அர்த்தத்தில்தான். முகூர்த்த மாதத்தில் ஒரு ஆல்பத்தைக் கையில் எடுத்தீர்கள் என்றால், அதை டெலிவரி கொடுக்கும்வரை உங்களுக்குக் கீழே எதுவும் நகரக் கூடாது. பட்டன் இடம் மாறக் கூடாது, நிறம் மாறக் கூடாது, பிளக்-இன் காணாமல் போகக் கூடாது.

ஒரு வைகாசியில் நடந்ததைச் சொல்கிறேன். மஞ்சக்குப்பத்தில் நண்பரின் ஸ்டுடியோ. மறுநாள் மாலை ரிசப்ஷன், மண்டபத்துத் திரையில் ஓட்ட 1,200 படங்களை இரவு எக்ஸ்போர்ட் போட்டுவிட்டு இரண்டு பேரும் வீட்டுக்குப் போய்விட்டோம். காலையில் வந்து பார்த்தால் சிஸ்டம் பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டு நிற்கிறது. நள்ளிரவில் அப்டேட் இறங்கி, தானாக ரீஸ்டார்ட் ஆகியிருக்கிறது. ஃபோல்டரில் இருந்தவை 340 படங்கள். எந்த இயங்குதளம் என்பதை விட்டுவிடுவோம். அப்டேட்டுக்குக் கடிவாளம் போடாமல் விட்டது எங்கள் தவறு. அன்றிலிருந்து நான் யாருக்குக் கணினி அமைத்துக் கொடுத்தாலும் முதலில் தொடுவது அப்டேட் அமைப்பைத்தான்.

பெரிய நிறுவனங்களின் அப்டேட்டிலும் சறுக்கல் வரும். 2018 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கு வந்த 1809 என்ற பெரிய அப்டேட்டில் சிலருடைய டாகுமென்ட்ஸ் ஃபோல்டரில் இருந்த கோப்புகளே அழிந்துபோயின. மைக்ரோசாஃப்ட் சில நாட்களிலேயே அதை நிறுத்திவைத்து, நவம்பரில்தான் மறுபடி வெளியிட்டது. ஆப்பிள் 2019-ல் மேக் ஓஎஸ் கேட்டலினாவைக் கொண்டுவந்தபோது 32 பிட் நிரல்களை மொத்தமாகக் கைவிட்டது. பணம் கொடுத்து வாங்கி வைத்திருந்த பழைய ஃபோட்டோஷாப் சிஎஸ்6 அதோடு ஓடாமல் போயிற்று. அவசரப்பட்டு முதல் வாரத்திலேயே ஏற்றியவர்கள்தான் இரண்டிலும் அடிபட்டார்கள்.

இப்போது உங்கள் கதைக்கு வருகிறேன். இயங்குதளத்தை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு அப்புறம் மென்பொருள் தேடுவது தலைகீழான வழி. உங்கள் வேலை எதன்மேல் நிற்கிறது? சந்தா ஃபோட்டோஷாப், வாங்கிக் குவித்த பிஎஸ்டி (ஃபோட்டோஷாப் கோப்பு) டெம்ப்ளேட்கள், லைட்ரூம் கேட்டலாக். இவை மூன்றும் அடோபியின் உலகம். அடோபி லினக்ஸுக்கு ஃபோட்டோஷாப் வெளியிடுவதில்லை. விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்ட உதவும் வைன் வழியாக ஓட்டலாம் என்று யாராவது சொல்வார்கள். பழைய பதிப்புகள் ஓரளவு ஓடவும் செய்யும். ஆனால் பெண் வீட்டார் கடையில் உட்கார்ந்திருக்கும்போது திறக்க வேண்டிய நிரலை அப்படி ஒரு ஒட்டுப்போட்ட வழியில் வைத்திருக்கக் கூடாது. கிம்ப் என்ற இலவசப் பட நிரல் பிஎஸ்டி கோப்பைத் திறக்கும். ஆனால் படத்தை மாற்றிப் போட உதவும் ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்கள் சாதாரணப் படமாகிவிடும், நிறமும் வெளிச்சமும் திருத்தும் அட்ஜஸ்ட்மென்ட் லேயர்கள் பலவும் உள்ளபடி வராது. டெம்ப்ளேட்டின் உயிரே அந்த இரண்டில்தான் இருக்கிறது.

அதனால் ஆல்பம் வடிவமைக்கும் கணினியில் விண்டோஸ் 11 அல்லது மேக், இரண்டில் ஒன்றுதான். உங்கள் ஆறாம் தலைமுறை ஐ5 விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறாது. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையும் அதற்கு மேலும் வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறேன் என்று கடைகளில் சொல்வார்கள். ஏற்றவும் முடியும். ஆனால் தகுதியில்லாத கணினிக்கு அப்டேட் வரும் என்ற உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கிறது. நிலைத்தன்மை தேடிப் போய் இப்படி ஒரு ஓட்டை வாங்குவானேன்? விண்டோஸ் 10-க்கான இலவச அப்டேட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. வீட்டு உபயோகக்காரர்களுக்கு மைக்ரோசாஃப்ட் கூடுதலாக ஒரு வருடப் பாதுகாப்புத் திட்டம் அறிவித்தது. அது மூச்சு விடக் கிடைத்த நேரம், தீர்வாகாது.

புதிய பெட்டியில் ரேம் எவ்வளவு என்பதில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 12-க்கு 36 அங்குல ஆல்பம் ஷீட், 300 டிபிஐ. அதாவது 3,600-க்கு 10,800 பிக்சல், மொத்தம் 3 கோடியே 88 லட்சத்து 80 ஆயிரம். 8 பிட்டில் ஒரு பிக்சலுக்கு 3 பைட். ஆக ஷீட் முழுவதையும் மூடும் ஒரு லேயருக்கே சுமார் 117 மெகாபைட். பின்னணி, சட்டகம், பூ, நிழல் என்று பத்து லேயர் வந்தால் ஒரு ஜிபியைத் தாண்டும். 16 பிட் என்றால் இரண்டு மடங்கு. இதற்கு மேல் அன்டூ செய்வதற்காக ஃபோட்டோஷாப் எடுத்து வைக்கும் ஹிஸ்டரி, பின்னால் திறந்திருக்கும் லைட்ரூம், பாட்டு கேட்கத் திறந்த பிரவுசர். 8 ஜிபியில் இது மூச்சுத் திணறி ஹார்ட் டிஸ்க்கில் எழுத ஆரம்பிக்கும். நீங்கள் 'ஹேங்' என்று சொல்வதில் பாதி அதுதான். 16 ஜிபிக்குக் குறையாமல், முடிந்தால் 32. ரேம் போதாதபோது ஃபோட்டோஷாப் எழுதும் ஸ்கிராட்ச் டிஸ்க்குக்கு எஸ்எஸ்டி.

விண்டோஸ் 11 எடுத்தால் ஹோம் வேண்டாம், ப்ரோ வாங்குங்கள். ஹோமில் குரூப் பாலிசி என்ற நிர்வாக அமைப்பு கிடையாது. ப்ரோவில் குரூப் பாலிசி வழியாக வருடாந்தரப் பெரிய அப்டேட்டை 365 நாள்வரை தள்ளிப்போடலாம். மாதாமாதம் வரும் பாதுகாப்புத் திருத்தங்கள் வந்துகொண்டே இருக்கட்டும், அவற்றைத் தடுக்காதீர்கள். என்விடியா கார்டு இருந்தால் விளையாட்டுக்கான டிரைவரை விட்டுவிட்டு 'ஸ்டுடியோ டிரைவர்' என்று தனியாகத் தருவதைப் போடுங்கள். அடோபி போன்ற நிரல்களோடு சோதித்து வெளியிடுவது அது.

மேக்கைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம்தான். நிறத்தைக் கையாள்வது இயங்குதளத்தோடே பின்னப்பட்டிருக்கிறது, அதுவே பெரிய நிம்மதி. 2024 நவம்பரில் வந்த எம்4 மேக் மினியில் அடிப்படை மாடலிலேயே 16 ஜிபி நினைவகம் உண்டு. ஆனால் அதைப் பின்னால் கூட்ட முடியாது, வாங்கும்போதே யோசித்து வாங்க வேண்டும். பழைய இன்டெல் மேக் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது காட்டினால் தொடாதீர்கள். இன்டெல் மேக்குகளுக்குக் கடைசிப் பதிப்பு மேக் ஓஎஸ் டஹோதான் என்று ஆப்பிள் 2025-ல் அறிவித்துவிட்டது. பழுது பார்க்க எங்கே போவது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் பெட்டியை லாரன்ஸ் ரோட்டிலேயே கழற்றிப் பார்த்துவிடலாம்.

அப்படியானால் லினக்ஸ் வேண்டாமா? வேண்டும். உங்கள் பழைய ஐ5-க்கு அதைவிடப் பொருத்தமானது கிடையாது. அதைத் தூக்கிப் போடாதீர்கள், ரேமை மட்டும் 16 ஆக்கி லினக்ஸ் மின்ட் 22 போடுங்கள். உபுண்டு 24.04 என்ற நீண்ட ஆதரவுப் பதிப்பின்மேல் கட்டியது, 2029 வரை பாதுகாப்புத் திருத்தம் வரும். அப்டேட்டை நீங்கள் கேட்டால்தான் போடும். நடுராத்திரியில் தானாக ரீஸ்டார்ட் ஆகாது. டைம்ஷிஃப்ட் என்ற கருவி அதிலேயே இருக்கிறது. அப்டேட்டுக்கு முன்னால் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துக்கொண்டால், ஏதாவது குலைந்தாலும் சில நிமிடத்தில் நேற்றைய நிலைக்குத் திரும்பிவிடலாம். அது சிஸ்டத்தை மட்டும்தான் காப்பாற்றும், உங்கள் படங்களை அல்ல. படங்களுக்குத் தனி பேக்கப் வேண்டும்.

அந்தக் கணினியில் உதவியாளர் கார்டை இறக்கலாம், கண் மூடிய படங்களைக் கழிக்கலாம், டார்க்டேபிள் என்ற இலவச நிரலில் ரா ஃபைல்களை, அதாவது கேமராவின் பதப்படுத்தாத மூலப் படங்களைத் திருத்தலாம். டார்க்டேபிளைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். கூறைப் புடவையின் சிவப்பு ஃபிளாஷில் எரிந்து ஒரே திட்டாகிப் போகும் பாருங்கள், ஜரிகைக்கும் பட்டுக்கும் வித்தியாசமே தெரியாமல்? அதை மீட்பதில் அது லைட்ரூமுக்குக் குறைந்ததில்லை என்பது என் அனுபவம்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, தெரிந்துகொள்ளுங்கள். இயங்குதளம் மாறாமல் இருப்பது நல்லதுதான், ஆனால் கேமரா மாறிக்கொண்டே இருக்கிறது. கேனன் 2018-ல் எம்50 கேமராவோடு சிஆர்3 என்ற புது ரா வடிவத்தைக் கொண்டுவந்தது. டார்க்டேபிள் அதைத் திறக்கக் கற்றுக்கொண்டது 2021 டிசம்பரில் வந்த 3.8 பதிப்பில். டெபியன் 11 வெளியானதோ அதே வருடம் ஆகஸ்டில். அதன் களஞ்சியத்தில் இருந்த டார்க்டேபிள் பழையது. ஆக, கல்லுப் போல அசையாத சிஸ்டத்தை வைத்துக்கொண்டு கையில் இருக்கும் புதுக் கேமராவின் படத்தைத் திறக்க முடியாத நிலைமை. இதற்கு வழி, அடித்தளத்தை நீண்ட ஆதரவுப் பதிப்பிலேயே வைத்துவிட்டு, டார்க்டேபிளையும் கிம்ப்பையும் மட்டும் ஃபிளாட்பேக் என்ற தனிப் பொதி முறை வழியாகப் புதிதாகப் போட்டுக்கொள்வது. மின்ட்டின் மென்பொருள் மேலாளரிலேயே அது கிடைக்கும். 2025 மார்ச்சில் வந்த கிம்ப் 3.0-உம் அப்படித்தான் கிடைக்கும். ஆனால் டார்க்டேபிளை ஏற்றுவதற்கு முன்னால் அதன் தரவுத்தளக் கோப்பை ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். புதுப் பதிப்பு திறந்த தரவுத்தளத்தைப் பழைய பதிப்பால் திறக்க முடியாது. லைட்ரூம் கேட்டலாக்கும் இப்படித்தான், ஒருவழிப் பாதை.

ஒரே கணினியில் விண்டோஸையும் லினக்ஸையும் சேர்த்துப் போடுவதாக இருந்தால் விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'பை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் விண்டோஸ் முழுதாக அணையாமல் அரைத்தூக்கத்தில் நிற்கும். லினக்ஸ் பக்கம் போய் அந்த டிஸ்க்கைத் திறந்தால் எழுத விடாது. இரண்டு பக்கமும் சுற்றும் வெளி டிஸ்க்குக்கு எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு முறை போதும்.

நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் உள்ள ஒரு விஷயம்: தமிழ் எழுத்து. ஆல்பத்தின் முதல் ஷீட்டில் மணமக்கள் பெயர் வரும். ஃபோட்டோஷாப்பில் யூனிகோடில் 'கேசவன்' என்று அடித்தால், எழுத்து அமைப்பு சரியாக இல்லாதபோது இரட்டைக்கொம்பு 'க'வுக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். 'கோமதி'யும் 'மைதிலி'யும் இதே கதிதான். எழுத்துக்கான விருப்பங்களில் 'வேர்ல்ட்-ரெடி லேஅவுட்' என்ற தேர்வு இருக்கிறது. பழைய பதிப்புகளில் அதற்குப் பெயர் 'மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்'. அதைப் போட்டு, புதுக் கோப்பு திறந்து அடித்தால் சரியாகிவிடும். புதிதாக ஏற்றிய ஃபோட்டோஷாப்பில் நான் முதலில் அடித்துப் பார்ப்பது 'கோகிலா' என்ற பெயரைத்தான். கிம்ப்பில் இந்தத் தொல்லையே இல்லை, யூனிகோடுத் தமிழ் தானாகவே ஒழுங்காக விழும். உங்கள் பழைய பிஎஸ்டி-க்களில் பாமினி மாதிரி யூனிகோடு அல்லாத பழைய ஃபாண்ட் இருந்தால், அந்த ஃபாண்ட் கோப்புகளை முதலில் தனியாக எடுத்து வையுங்கள். கணினி மாற்றும்போது எல்லோரும் படத்தை பேக்கப் எடுக்கிறார்கள், ஃபாண்டை மறந்துவிடுகிறார்கள்.

அடுத்தது நிறம். பாண்டிச்சேரி ஒயிட் டவுனில் ப்ரீ-வெட்டிங் எடுத்திருப்பீர்கள். மதிய வெயிலில் அந்த மஞ்சள் சுவர் கன்னத்தில் அடித்து, மணப்பெண் மஞ்சள் பூசியவள் மாதிரி வருவாள். அதைத் திருத்தும்போது மானிட்டர் பொய் சொன்னால், மஞ்சளை எடுக்கிறேன் என்று முகத்தை நீலமாக்கி லேபுக்கு அனுப்பிவிடுவீர்கள். இயங்குதளம் மாறினால் மானிட்டரின் நிறப் புரொஃபைல் பழையபடி இருக்கும் என்று நம்பாதீர்கள், திரும்ப அளந்துதான் ஆக வேண்டும். அளக்கும் கருவி ஒன்றை இரண்டு மூன்று ஸ்டுடியோக்காரர்கள் சேர்ந்து வாங்கினால் போதும். லினக்ஸிலும் டிஸ்ப்ளேகால் நிரலோடு அது வேலை செய்யும். அந்த நிரல் எக்ஸ்11 என்ற பழைய திரை முறைக்காக எழுதப்பட்டது, மின்ட்டின் சின்னமன் திரை முகப்பு இன்னும் இயல்பாக அதில்தான் ஓடுகிறது. மின்ட்டை நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். லேபுக்குப் போகும் ஜேபெக் எஸ்ஆர்ஜிபி என்ற நிற முறையில் இருந்தால் பெரும்பாலும் சிக்கல் வராது. ஃபிளெக்ஸுக்கும் பத்திரிகைக்கும் அச்சு நிற முறையான சிஎம்ஒய்கே கேட்டால் கிம்ப்பைவிட கிரிட்டா என்ற இலவச நிரல் நல்லது, அந்த நிற முறையிலேயே வேலை செய்யும்.

கிராக் போட்ட ஃபோட்டோஷாப்பை நீங்கள் வைத்திருக்கவில்லை, சந்தோஷம். உங்களைச் சுற்றி நிறையப் பேர் வைத்திருக்கிறார்கள். அதை ஏற்றும்போது ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லும். ஊரார் கல்யாணப் படமெல்லாம் இருக்கும் கணினியில் கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்குவது அது. காசில்லை என்றால் கிம்ப்பும் டார்க்டேபிளும் இலவசமாகவே கிடைக்கின்றன என்று அவர்களிடம் சொல்லுங்கள்.

எப்போது மாற்றுவது? நம் பஞ்சாங்கமே பதில் வைத்திருக்கிறது. மேக்கின் புதுப் பதிப்பும் விண்டோஸின் வருடாந்தர அப்டேட்டும் செப்டம்பர், அக்டோபர் வாக்கில் வரும். அப்போது நமக்குப் புரட்டாசி, கல்யாணம் குறைவு, கை அரிக்கும். தொடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தம் முடிந்து மார்கழி பிறக்கட்டும். அதற்குள் முதல் இரண்டு மூன்று திருத்தங்கள் வந்திருக்கும், அடுத்தவர் அடிபட்ட செய்தியும் வந்து சேர்ந்திருக்கும். மார்கழியில் ஏற்றினால் தை முதல் முகூர்த்தத்துக்குள் பழகிவிடலாம். கணினியையே மாற்றுவது போன்ற பெரிய வேலைக்கு ஆடி. முழுதாக ஒரு மாதம் கிடைக்கும்.

மாற்றும்போது பழைய டிஸ்க்கை அழிக்காதீர்கள். கழற்றி, தேதி எழுதி ஒட்டி, ஒரு சீசன் முழுக்க அலமாரியில் வையுங்கள். பேக்கப்புக்கு 3-2-1 என்று ஒரு கணக்கு உண்டு: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். இதைப் பரப்பியவரே பீட்டர் க்ரோ என்ற புகைப்படக்காரர்தான். நமக்கு அந்த மூன்றாவது பிரதி கடலைவிட்டுத் தள்ளி இருக்க வேண்டும். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல், 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல், இரண்டையும் பார்த்தவர்கள் நாம். ஸ்டுடியோவில் ஒன்று, மாடி வீட்டில் ஒன்று என்று வைத்தால் இரண்டும் ஒரே ஊர்தான். நெய்வேலியிலோ விழுப்புரத்திலோ உறவுக்காரர் வீட்டில் ஒரு டிஸ்க் இருக்கட்டும்.

இந்த வாரமே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஒரு பென்டிரைவில் மின்ட்டை ஏற்றி, டிஸ்க்கில் எதையும் பதியாமல் லைவ் முறையில் பழைய ஐ5-ஐத் துவக்குங்கள். கார்டு ரீடர், பேனா டேப்லெட், பிரிண்டர், மூன்றையும் செருகிப் பாருங்கள். டார்க்டேபிளை மென்பொருள் மேலாளரிலிருந்து தற்காலிகமாக ஏற்றி, போன முகூர்த்தத்தில் எடுத்த ரா ஃபைல் பத்தை அதில் திறந்து, ஒன்றைத் திருத்தி, 8-க்கு 12 அங்குலத்தில் லேபில் ஒரு பிரிண்ட் போடுங்கள். அதே படத்தை இப்போதைய லைட்ரூமில் திருத்தி இன்னொன்று. இரண்டையும் கடை வாசலில், காலை ஒன்பது மணி வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். என்ன தெரிந்தது என்று எழுதுங்கள், மேற்கொண்டு பேசுவோம்.